பிள்ளைகளை வாட்டில் சேர்க்கும் காயங்கள்

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரை அங்கு கொண்டுசேர்க்கும் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பவை காயங்களே. உலகில் ஆண்டுதோறும் சுமார் 8,30,000 பிள்ளைகள் தற்செயலான காயங்களால் உயிரிழப்பதாக, 2008இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. வீதி விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், விழுதல், நஞ்சு ஆகிய ஐந்துமே அவற்றில் முக்கியமானவை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் கரையோர ஊர்களிலும் இந்த ஐந்தும் உண்டு. வயதுக்கேற்ப அவை வரும் இடம்தான் மாறுகிறது.

தவழும் வயதில் ஆபத்து அடுப்படியில் இருக்கிறது. நோன்புக் கஞ்சிப் பானையை இறக்கித் தரையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை அதன் விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்க்கும். பிள்ளையின் தோல் மெல்லியது. பெரியவர் தாங்கும் சூடு அதற்கு ஆழமான புண்ணாகிவிடும். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயும் அப்படித்தான். போத்தலைப் பார்த்துக் குடிக்கும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. சுற்றுக்கட்டு இல்லாத வளவுக் கிணறு மூன்றாவது ஆபத்து.

பள்ளிக்கூட வயதில் மாமரமும் கொய்யாமரமும் அழைக்கின்றன. விழும்போது பிள்ளை கையை ஊன்றுவதால் முழங்கைப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் எலும்பு முறிகிறது. எண்ணெய் தடவி உருவினால் முறிவு விலகி, நரம்பும் இரத்தக்குழாயும் சேதமாகலாம். தெருநாய்க் கடியும் இந்த வயதில் சாதாரணம்.

பதின்ம வயதில் ஆபத்து வீதிக்கு வருகிறது. பொத்துவிலிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி கடைத்தெருக்களின் நடுவே செல்கிறது. ஹெல்மட் இல்லாமல் ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் ஏறினால், சிறு சறுக்கலும் தலைக்காயத்தில் முடியலாம்.

முதல் சில நிமிடங்களில் செய்வது பாதிப்பைக் குறைக்கும். வெந்த இடத்தில் பற்பசை பூசாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. மேலேறும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நாய்க்கடியைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, தடுப்பூசிக்குப் போக வேண்டும். முறிந்த கையை அசையாமல் கட்ட வேண்டும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உயர்த்திக் கட்டிய அடுப்பு, பூட்டிய அலுமாரியில் மண்ணெண்ணெய், கிணற்றுக்கு மூடி, தலைக்கு ஹெல்மட்: இந்த நான்கும் பல பிள்ளைகளை வாட்டுக்குப் போகாமல் காக்கும்.