சிறிய கேமரா, விரிந்த கற்பனை

விலையுயர்ந்த எழுதுகோல் கைக்கு வந்தால்தான் கட்டுரை எழுத முடியும் என்று ஒரு மாணவன் கூறினால் நாம் நகைப்போம். ஆனால், விலையுயர்ந்த கேமரா கைக்கு வந்தால்தான் படம் எடுக்க முடியும் என்று ஓர் இளைஞன் கூறும்போது மட்டும் அதனை நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறோம். இது சரிதானா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் காயல்பதியில் திரையரங்கு கிடையாது. அதனை நம்மவர் ஒரு பெருமையாகவே கருதி வந்துள்ளனர். எனினும், காலம் திரையரங்கைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இன்று செல்பேசி இல்லாத வீடு அரிது. கேமரா இல்லாத செல்பேசி அதனினும் அரிது. பார்ப்பதோடு நில்லாமல், தாமும் ஒரு குறும்படம், ஒரு விவரணப்படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆர்வம் நம் பிள்ளைகளிடம் துளிர்விட்டிருக்கிறது. ஆர்வம் பிறந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவுக்கோ காக்காவுக்கோ ஒரு கேமராவின் பெயரையும் விலையையும் எழுதி அனுப்புவதுதான். விலையைக் கண்ட தந்தை திகைக்கிறார். கேமரா வரவில்லை, படமும் பிறக்கவில்லை. கேமரா வந்த வீடுகளிலும் பெரும்பாலும் அது திருமண வீட்டு வீடியோவோடு ஓய்வு பெற்று அலமாரியில் உறங்குகிறது.

இந்நிலையில், கையில் கிடைத்த எளிய கருவியைக் கொண்டே ஓர் ஊர் முழுவதையும் வியக்கவைத்த சாமானியர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் எடுத்துச் சொல்வது பயனுடையது.

விசைத்தறி ஊரின் வியப்பு

மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில், மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் மாலேகான். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் ஊர் அது. இரவும் பகலும் விசைத்தறிகளின் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைதான் தறிகளுக்கு ஓய்வு. அன்றுதான் தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு. 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால் நாளேடுகளில் அடிபட்ட இவ்வூரின் பெயர், வேறொரு காரணத்தாலும் உலகின் காதுகளை எட்டியது என்பது பலருக்குத் தெரியாது.

அங்கே ஒரு சிறு வீடியோ கொட்டகை நடத்தி வந்தவர் நாசிர் ஷேக். எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் அவர் பயின்றவர் அல்லர். படங்களைப் போட்டுக் காட்டிக் காட்டியே படத்தொகுப்பின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். 2000 ஆம் ஆண்டில், சாதாரண வீடியோ கேமரா ஒன்றைக் கொண்டு, சுமார் 50,000 ரூபாய்ச் செலவில் அவர் எடுத்த படம் 'மாலேகான் கே ஷோலே'. 1975 இல் வெளிவந்து இந்தியாவையே கலக்கிய 'ஷோலே'யை நையாண்டி செய்யும் படம் அது. மூலப்படமோ கோடிகளைக் கொட்டி, 70 எம்.எம். அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது. அதில் கொள்ளையர் குதிரையில் வருவர். மாலேகான்காரர்களிடம் குதிரை ஏது? ஆகவே, அவர்களுடைய கொள்ளையர் சைக்கிளில் வந்தனர்! பார்த்த மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். பணமிருந்து குதிரைகளை வாடகைக்கு அமர்த்தியிருந்தால் அது வெறும் நகலாக முடிந்திருக்கும். குதிரை இல்லாத குறைதான் அதனை மாலேகானின் சொந்தப் படைப்பாக ஆக்கியது.

கேமராவை ஓடவிட்டு எடுக்கும் காட்சிக்கு, திரையுலகில் தண்டவாளமிட்டு டிராலி வண்டியை ஓட்டுவார்கள். நாசிரின் குழுவினருக்குச் சைக்கிளே டிராலி ஆயிற்று. உயரத்திலிருந்து இறங்கி வரும் காட்சிக்குக் கிரேன் வேண்டும். அவர்கள் மாட்டு வண்டியையே கிரேனாக்கிக்கொண்டனர். வண்டியின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை கேமராவோடு மேலெழும். நெம்புகோல் தத்துவத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படித்து மறந்தவர் நாம். அதனைப் பயன்படுத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

பின்னர் 'மாலேகான் கா சூப்பர்மேன்' என்றொரு படத்தை எடுக்க முற்பட்டனர். வானில் பறக்கும் வீரனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக் என்னும் மெலிந்த தேகமுடைய விசைத்தறித் தொழிலாளி. அவரைப் பறக்கவைக்கப் பயன்பட்டது, பின்னணியில் கட்டிய ஒரு பச்சைத் துணியும் ஒரு கணிப்பொறியுமே. இப்படம் உருவான விதத்தை ஃபைஸா அஹ்மத் கான் என்னும் பெண் இயக்குநர் 2008 இல் ஒரு விவரணப்படமாக்கினார். உலகின் பல நாடுகளில் அது திரையிடப்பட்டது. ஷஃபீக் 2011 இல் புற்றுநோயால் இறந்துபோனார். ஆனால், அவர் கதை முடியவில்லை. ரீமா காக்தி இயக்கத்தில் இவ்வூர்க்காரர்களின் வாழ்வே 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' என்னும் முழுநீளப் படமாகி, 2024 இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2025 பிப்ரவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. பம்பாய்த் திரையுலகைப் பார்த்துப் படமெடுத்தவர்களைப் பார்த்து, பம்பாய்த் திரையுலகே படமெடுத்தது!

இருட்டறை தந்த ஒளி

'கேமரா' என்னும் சொல் அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. ஆனால், அந்த அறைக்குள் ஒளி நுழையும் விதத்தை முறைப்படி ஆராய்ந்து விளக்கியதில் நம் முன்னோருக்கு உண்மையான பெருமை உண்டு. 965 ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்னும் பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே காண்கிறோம் என்று நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகுவதை வைத்து அவர் சோதனைகள் செய்தார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடமாயிற்று. ஓர் அறை, ஒரு துளை, சில விளக்குகள். உற்றுநோக்கும் இரு கண்கள். ஒளியியலின் பெரும் உண்மைகள் இத்தனை எளிய சாதனங்களிலிருந்தே பெறப்பட்டன.

குறையே வழிகாட்டும்

கருவி எளிதாக இருக்கும்போது கற்பனை ஏன் கூர்மையடைகிறது? காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, தூரத்துப் பொருளை அருகில் இழுத்துக் காட்டும் லென்ஸ் இல்லாதவன், தன் கால்களால் நடந்து பொருளின் அருகே செல்கிறான். அருகே சென்றவன் அந்த மனிதரோடு பேசுகிறான், பழகுகிறான். அந்தப் பழக்கம் படத்தில் தெரிகிறது.

இரண்டாவது, பெரிய விளக்குகள் இல்லாதவன், இயற்கை ஒளியின் குணத்தைக் கற்றுக்கொள்கிறான். சத்யஜித் ரேயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 'பதேர் பாஞ்சாலி'யில் பணிபுரியத் தொடங்கியபோது 21 வயது இளைஞர். அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கி அறியாதவர். 1956 இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி நகர வீடொன்றின் முற்றத்தை ஸ்டுடியோவில் அமைத்தனர். திறந்த முற்றத்தில் விழும் மென்மையான வானொளியை எவ்வாறு உண்டாக்குவது? மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, நிழல் தெரியாமல் பரவியது. நம்மூர்ப் பழைய வீடுகளின் முற்றங்களில் அந்த ஒளி விலையின்றிக் கிடைக்கிறது. போதாதபோது வெள்ளை வேட்டி ஒன்று போதும்.

மூன்றாவது, சிறிய கருவி மனிதரை அச்சுறுத்துவதில்லை. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1997 இல் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசான தங்கப் பனையைப் பெற்றவர். பெரிய கருவிகள் அவருக்கு எட்டாதவையல்ல. இருந்தும் 2002 இல் அவர் எடுத்த 'டென்' என்னும் படத்திற்கு, காரின் முன்பகுதியில் பொருத்திய இரண்டு சிறிய டிஜிட்டல் கேமராக்களையே பயன்படுத்தினார். டெஹ்ரான் வீதிகளில் கார் ஓட்டிச் செல்லும் ஒரு பெண்ணும் அவளோடு பயணம் செய்பவர்களும் பேசும் பத்து உரையாடல்களே படம். பெரிய கேமராவும் பத்துப் பேர் கொண்ட குழுவும் சூழ்ந்து நின்றால் அந்தப் பேச்சில் அத்தனை இயல்பு வந்திருக்காது.

உடைந்த ஐந்து கேமராக்கள்

எளிய கேமரா கலைக்கு மட்டுமன்றி உண்மைக்கும் துணை நிற்கும் என்பதற்குப் பாலஸ்தீனத்திலிருந்து ஒரு சான்று. மேற்குக் கரையில் உள்ள பில்இன் கிராமத்து விவசாயி இமாத் புர்னாத். 2005 இல் தம் இளைய மகன் ஜிப்ரீல் பிறந்தபோது, குழந்தையைப் படமெடுக்க ஒரு வீடியோ கேமரா வாங்கினார். எல்லாத் தந்தையரும் செய்யும் செயல்தான். அதே காலத்தில், இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவர் அக்கிராமத்தின் ஒலிவ மரங்கள் நின்ற நிலத்தை விழுங்கத் தொடங்கியது. மக்கள் வெள்ளிதோறும் அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தனர். இமாத் தம் குழந்தையையும் படமெடுத்தார். தம் கிராமத்தையும் படமெடுத்தார். தோட்டாவாலும் தாக்குதலாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் உடைந்தன. அவற்றில் பதிந்த காட்சிகளைத் தொகுத்து, கய் டேவிடி என்னும் இஸ்ரேலியரோடு இணைந்து அவர் உருவாக்கியதே '5 புரோக்கன் கேமராஸ்' என்னும் விவரணப்படம். 2013 இல் அது ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குழந்தைக்காக வாங்கிய கேமரா ஒரு கிராமத்தின் சாட்சியாயிற்று.

நம்மூரில் காத்திருக்கும் கதைகள்

இத்தகைய சாட்சியத்தை நாமும் அறியாமலே உண்டாக்கியிருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! ஓராண்டு மழை ஒரே நாளில் வந்தாற்போன்ற அந்த வேளையில், வீதிகள் ஆறுகளானதையும், மக்கள் ஒருவருக்கொருவர் உதவியதையும் உலகுக்குக் காட்டியவை செல்பேசிகளில் எடுத்த சிறு சிறு காட்சிகள்தாம். ஆனால், அவை இன்று எங்கே? பல அழிந்திருக்கும், பல எவர் செல்பேசியிலோ மறைந்துகிடக்கும். அவற்றைத் திரட்டி, வரிசைப்படுத்தி, பாதிக்கப்பட்டோரின் சொற்களையும் சேர்த்தால், வருங்காலத்துக்குப் பயன்படும் ஓர் ஆவணம் கிடைக்கும். இதற்குப் புதிய கேமராவே வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

இதனினும் அவசரமான பணி ஒன்றுண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961 இல். அன்று 15 வயதுச் சிறுவனாக அதனைக் கண்டவர் இன்று எண்பதைத் தொட்டிருப்பார். கொழும்புக்குக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள், அரபுத்தமிழ் ஏடுகளைத் தடங்கலின்றி ஓதக்கூடிய தாய்மார்கள், ஆறுமுகனேரி உப்பளத்தில் உழைத்து முதிர்ந்தவர்கள், பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு பட்டுப்போன்ற பாய் முடைபவர்கள் ஆகியோர் நம்மைச் சுற்றி இருக்கின்றனர். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு நூலகம் மண்ணுக்குள் செல்கிறது. அடுத்த ஆண்டு நல்ல கேமரா வாங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் காத்திருக்கலாம். அந்தப் பெரியவரின் ஆயுள் காத்திருக்குமா?

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். செல்பேசியை அகலவாட்டில் பிடியுங்கள். ஸ்டாண்ட் இல்லையெனில், மேசைமீது நான்கு புத்தகங்களை அடுக்கி அதில் சாய்த்துவையுங்கள். பேசுபவரின் முகத்தில் சன்னலொளி பக்கவாட்டில் விழட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்த்தினால் முகம் கறுத்துவிடும். அழைப்புகள் வந்து இடையூறு செய்யாதபடி தொடர்பைத் துண்டித்துவையுங்கள்.

படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார். ஆகவே, மற்றொரு செல்பேசியைப் பேசுபவரின் மடியருகே வைத்து ஒலியைத் தனியே பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் பத்து எண்ணும் வரை அசையாமல் எடுங்கள். கேள்வி கேட்டபின் மௌனமாயிருங்கள். முதியோரின் நினைவு மெதுவாகத்தான் கரை சேரும். எடுத்தவற்றை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

இவற்றில் தேர்ந்தபின், தேவை உண்மையாகவே எழுமானால், பெரிய கருவியை வாங்கலாம். இருளில் எடுக்கும் காட்சிக்கும் அகலத்திரைக்கும் அதன் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது பயிற்சிக்குப் பின் வர வேண்டிய படி.

எல்லைகளை மறவாதீர்

உருவப்படம் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை வரவில்லை. ஐயமுடையோர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால், எல்லோரும் உடன்படும் ஒன்றுண்டு. பிறருடைய அனுமதியின்றி அவரைப் படமெடுப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். வீட்டுப் பெண்கள் முகம் காட்ட விரும்பவில்லையெனில், குரலை மட்டும் பதியுங்கள். முறுக்குப் பிழியும் கைகளையும் ஏட்டைப் புரட்டும் விரல்களையும் காட்டுங்கள். இதுவும் ஒரு கட்டுப்பாடுதான். இதிலிருந்தும் புதிய கலைநயம் பிறக்கும். பிறரை எள்ளி நகையாடுவதற்கும் அவர்தம் குறைகளைப் பரப்புவதற்கும் கேமராவைத் திருப்பாதீர்.

பெற்றோர்களே! படமெடுக்க விரும்பும் பிள்ளையை வீணன் என்று கடிந்து ஒதுக்காதீர். கேட்டதும் இலட்ச ரூபாய்க் கேமராவை வாங்கியும் கொடுக்காதீர். "கையிலிருக்கும் செல்பேசியில், நம் வீட்டுப் பெரியவரைப் பற்றி ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக் காட்டு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவன் எடுத்து வந்ததும் குடும்பமே கூடியமர்ந்து பாருங்கள். நிறைகளைப் பாராட்டி, குறைகளை எடுத்துச் சொல்லுங்கள். மாலேகானின் நெசவாளர் பிள்ளைகளுக்குக் கைகூடியது, நெடுங்கடல் கடந்த வணிகரின் பேரர்களுக்குக் கைகூடாதா என்ன? இன்ஷா அல்லாஹ், கைகூடும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நேரமே அதற்குப் போதுமான தொடக்கம்.