முப்பது முடிந்த வருஷம்

டிசம்பர் பிறந்தாலே பத்திரிகை அலுவலகங்களில் பழைய இதழ்க் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். யார் ஜெயித்தார், யார் மறைந்தார், யாருக்கு என்ன விருது. வாசகர்களும் அவரவர் வீட்டில் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, பையனுக்கு வேலை கிடைத்தது, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது. இந்த மாதத்தில் பிறந்த ஒருவருடைய ஒரே ஒரு வருஷத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. ஆகவே அவருடைய வயதுக் கணக்கும் காலண்டர் கணக்கும் அநேகமாகச் சேர்ந்தேதான் நடக்கும். நான் எடுத்துக்கொள்வது 1918.

வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளில் இந்த வருஷம் மிக அழகாக இருக்கும். பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் ஃபிலசாஃபிகல் சொசைட்டி உறுப்பினர். மே 2 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதாவது எஃப்.ஆர்.எஸ். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து எழுதிய பெரிய கட்டுரை அச்சாகி வெளிவந்ததும் இதே வருஷம். 1907 டிசம்பரில் எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தோற்று, படிப்புக்கு முழுக்குப் போட்ட கும்பகோணத்துப் பையன். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். அவருக்கு முன்னால் எஃப்.ஆர்.எஸ். ஆன இந்தியர் ஒரே ஒருவர்தான்: பம்பாயைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி, 1841ல். இப்படி ஒரு வருஷம் வாய்க்க எத்தனை ஜென்மம் தவம் கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்வார்கள்.

ஆனால் முப்பது முடிந்த பிறந்தநாளன்று, 1917 டிசம்பரில், அவர் கேம்பிரிட்ஜில் இல்லை. இங்கிலாந்தின் டர்பிஷையர் மலைப் பகுதியில் மேட்லாக் என்ற ஊரில், காசநோய்க்காரர்களுக்கான சானடோரியம் ஒன்றில் கிடந்தார்.

1917 வசந்த காலத்தில் படுத்த உடம்பு. கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில் கொஞ்ச காலம். பிறகு சாமர்செட்டில், 1914ல் அவர் இங்கிலாந்துக்கு வந்த ‘நெவாசா’ கப்பலில் கூடவே வந்த டாக்டர் சவரிமுத்து நடத்திய சானடோரியம். அங்கிருந்து மேட்லாக். என்ன நோய் என்று ஒரு டாக்டர் சொன்னதை இன்னொருவர் ஒப்பவில்லை. கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் காசநோய். 1994ல் டாக்டர் டி.ஏ.பி. யங் பழைய குறிப்புகளையெல்லாம் பார்த்துவிட்டு, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். சென்னையில் இருந்தபோதே வந்த சீதபேதி அடங்கிக் கிடந்து பிறகு தலைதூக்கியது என்பது அவர் கணிப்பு. அது சரியானால், அன்றைக்கே சிகிச்சை இருந்த ஒரு நோய்க்கு வேறு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வேறு வைத்தியம் என்ன? அக்காலத்துக் காசநோய் வைத்தியம் திறந்த ஜன்னல். குளிர்காற்று நுரையீரலுக்கு நல்லது என்று, அறையில் கணப்பு மூட்டாமல் நோயாளியைப் படுக்கவைப்பார்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவரை டர்பிஷையர் குளிரில் இப்படிப் போட்டால் என்ன ஆகும்? மேட்லாக்கிலிருந்து ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வந்த அன்று வரவேற்புக்காக ஒன்றிரண்டு மணி நேரம் கணப்பு மூட்டினார்களாம், அதோடு சரி. நடுக்கத்தில் சில வேளை சாப்பிடக்கூட முடியவில்லை. தீவிரமாகக் கணக்குப் போடும் நாட்களில் கணப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நாள் இன்னும் வரவில்லை என்று எழுதுகிறார். பிறகு அவருக்கு ஒரு யோசனை. குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது. தினமும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு வாரத்தில் இரண்டு மூன்று கட்டுரைகள் அனுப்பிவிடலாம். இந்த யோசனை முன்பே வந்திருந்தால் இதற்குள் நிறைய எழுதியிருப்பேனே என்று வருத்தம் வேறு!

ராமானுஜனைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது இந்தக் குளியலறைதான். ஹார்டி ஏறிவந்த டாக்ஸியின் எண் 1729 பற்றிய கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இதை யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுச் செய்தியும் சரியில்லை. முதல் வருஷங்களில் ஒழுங்காகக் கடிதம் போட்டவர் மெல்ல நிறுத்திக்கொண்டார். கும்பகோணத்தில் தாயார் கோமளத்தம்மாளுக்கும் மருமகள் ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. மனைவி எழுதியது புருஷனுக்குப் போகவில்லை, புருஷன் எழுதியது மனைவிக்கு வரவில்லை. பத்தொன்பது வயதுகூட ஆகாத ஜானகி, கராச்சியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் போனாள், ஏன் கடிதம் இல்லை என்று ஆறாயிரம் மைலுக்கு அப்பால் படுத்திருந்தவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. 1917 அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ தேர்தலில் அவர் பெயர் எடுபடாமல் போனது வேறு. முதல் உலகப் போருக்கு எதிராக நின்ற பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைக் கல்லூரி 1916ல் நீக்கியது; ரஸ்ஸல் பக்கம் நின்ற ஹார்டி மீதும் கல்லூரிப் பெரியவர்களுக்குக் கோபம். கருப்பரை ஃபெல்லோ ஆக்குவதா என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

1918 தொடக்கத்தில், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, லண்டனில் சுரங்க ரயில் வரும் பாதையில் ராமானுஜன் விழுந்தார். உயிரை விடத்தான். ஊழியர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் பிழைத்தார். அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஹார்டி ஓடோடிப் போய், இவர் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, இவரைக் கைது செய்ய முடியாது என்று ஒரு போடு போட்டார். அப்போது அவர் ஃபெல்லோ இல்லை. போலீசுக்கும் பிறகு அது தெரியவந்தது, ஆனாலும் விட்டுவிட்டார்கள். இந்தச் சம்பவம் வெளியே வந்தது வெகுகாலம் கழித்து, ஹார்டியிடமே கேட்டறிந்த வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் சொல்லித்தான்.

ஹார்டி சொன்னது பொய்தான். ஆனால் வெறும் வாயை மெல்லவில்லை. ராமானுஜனின் முப்பதாவது பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பே, 1917 டிசம்பர் 18 அன்று, அவரை எஃப்.ஆர்.எஸ். ஆக்கச் சிபாரிசு செய்யும் பத்திரத்தை ஹார்டி எழுதி முடித்திருந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் கணித அறிஞர்கள் லிட்டில்வுட், மக்மஹோன், வைட்ஹெட் எல்லாம் உண்டு. பொதுவாக இந்தப் பட்டம் முதல் முயற்சியிலேயே கைகூடாது. வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். ராயல் சொசைட்டி தலைவர் ஜே.ஜே. தாம்சனுக்கு ஹார்டி எழுதியதன் சாரம் இது: இவர் திடகாத்திரமாக இருந்தால் நானே அவசரப்பட்டிருக்க மாட்டேன்; அடுத்த தேர்தல் வரை இருப்பாரோ என்னவோ, ஆகவே இப்போதே செய்யுங்கள். 104 பேர் போட்டியிட்ட அந்த வருஷம் 15 பேரில் ஒருவராக ராமானுஜன் தேறினார்.

இதைத் தகுதி மீறிய சலுகை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வருஷம் வெளிவந்த கட்டுரை ஒன்றே போதும். நாலு என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டிக் கொண்டுவரலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். விரலை மடக்கி எண்ணிவிடலாம். இருநூறு என்றால்? விடை 3972999029388, சுமார் நாலு லட்சம் கோடி. மேஜர் மக்மஹோன் உட்கார்ந்து கையால் போட்ட கணக்கு இது. ராமானுஜனும் ஹார்டியும் கண்டுபிடித்த சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டியதும் இதே எண் வந்து நின்றது, 0.004 வித்தியாசத்தில். லட்சம் கோடியில் ஒரு முழு எண்கூடப் பிசகவில்லை. அந்தக் கட்டுரையில் பிறந்த முறையை வைத்துத்தான் எண்கணிதத்தின் ஒரு கிளையே பிறகு வளர்ந்தது.

ஆகவே தகுதியில் சந்தேகமில்லை. அவசரத்துக்குக் காரணம்தான் வேறு. ஹார்டி கடவுளை நம்பாதவர், சடங்கு சம்பிரதாயத்தை வெறுத்தவர், மனுஷர்களோடு நெருங்கிப் பேசக் கூசியவர். கண்ணெதிரே ஒருவன் கரைந்துகொண்டிருக்கிறான், டாக்டர்களால் ஆகவில்லை, சமைத்துப் போட இவருக்குத் தெரியாது, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லும் வழக்கமும் இல்லை. அவர் கையில் இருந்தது பட்டம் ஒன்றுதான். அதை மருந்தாகக் கொடுத்தார் என்றே நான் நினைக்கிறேன். சேதி கிடைத்ததும் ராமானுஜன், நன்றி சொல்ல வார்த்தை போதவில்லை, இது நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று பதில் அனுப்பினார்.

மருந்து வேலை செய்தது, ஆனால் மெல்லத்தான். ஜூன் மாதத்தில் ஏ.எஸ். ராமலிங்கம் என்ற கடலூர்க்காரர் மேட்லாக் போனார். வட இங்கிலாந்தில் வேலை பார்த்த பொறியாளர். ராமானுஜனோடு சில நாள் இருந்து பார்த்துவிட்டு ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கணிதம் அதில் தேடினாலும் கிடைக்காது. பெரும்பாலும் சாப்பாட்டுக் கவலைதான். போர்க்காலத் தட்டுப்பாடு, சைவச் சாப்பாடு, சோற்றை எப்படி வடிப்பது என்று தெரியாத சமையல்கட்டு, ருசி விஷயத்தில் இறங்கிவராத நோயாளி. நாக்கைக் கட்டப்போகிறாயா, உயிரை விடப்போகிறாயா என்கிற அளவுக்கு ராமலிங்கம் கண்டித்திருக்கிறார். எஃப்.ஆர்.எஸ். ஆகி ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. பத்திரிகைகளில் பெயர் வந்துவிட்டது; தட்டில் ஒழுங்கான சோறு விழவில்லை.

பிறகு லண்டனுக்கு இடம் மாற்றினார்கள். முதலில் ஃபிட்ஸ்ராய் சதுக்கம், அப்புறம் தேம்ஸ் பக்கம் புட்னி. அக்டோபரில் டிரினிட்டி தேர்தல் மறுபடி வந்தது. பழைய எதிர்ப்பு இருந்தது, மனநிலை சரியில்லாதவர் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. எஃப்.ஆர்.எஸ். வாங்கிய ஒருவரை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? இம்முறை எடுபட்டது. வருஷம் 250 பவுன், ஆறு வருஷத்துக்கு, வேலை ஒன்றும் செய்ய வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகமும் ஐந்து வருஷத்துக்கு 250 பவுன் அறிவித்தது. நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்து கப்பல் பாதை திறந்தது. அந்த மாதக் கடைசியில் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிய கடிதத்தில் முதல்முறையாகச் சந்தோஷம் தெரிகிறது: காய்ச்சல் கட்டுப்பட்டிருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோ, எடை ஏறியிருக்கிறது, ஊருக்கு அனுப்பலாம்.

வருஷக் கடைசியில் ஒரு ஆளுடைய சாதனைகளை எழுத உட்காரும்போது எங்களைப் போன்றவர்கள் பட்டத்தை எழுதிவிட்டு எடையை விட்டுவிடுகிறோம். 1918ஐ ஹார்டி எப்படிப் பார்த்தார் என்று கேட்டால், அந்த ஆறு கிலோவை முதலில் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

சரி, ராமானுஜன் எப்படிப் பார்த்தார்? முப்பத்தொன்று முடிந்து மூன்றாவது வாரம், 1919 ஜனவரி 11 அன்று, அதே டியூஸ்பரிக்கு அவர் எழுதியிருக்கிறார். அவர் கைப்படப் போட்ட வருஷக் கணக்கு என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஊர் திரும்பியபின் கிடைக்கப்போகிற பணம் எனக்கு வேண்டியதைவிட மிக அதிகம் என்கிறார். இங்கிலாந்துச் செலவுகளைக் கழித்து, அப்பா அம்மாவுக்கு வருஷம் 50 பவுன் கொடுத்துவிட்டு, என் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழைப் பையன்கள், அநாதைகள் இவர்களுடைய பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படட்டும் என்கிறார். சம்பளம் கட்ட முடியாமல் படிப்பு எப்படித் தடைப்படும் என்பது அவருக்குத் தெரியாததா? கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோய் வெளியேறியவர் அவர்.

ராயல் சொசைட்டியைப் பற்றியோ டிரினிட்டியைப் பற்றியோ அதில் ஒரு பெருமைப் பேச்சு கிடையாது. வருத்தம் உண்டு. உடம்பு சரியில்லாததால் இரண்டு வருஷமாக முன்போல் கணிதம் செய்ய முடியவில்லை, சீக்கிரமே இன்னும் செய்வேன், எனக்குக் கிடைத்த உதவிக்குத் தகுதியாக நடந்துகொள்ள முயல்வேன் என்று முடிக்கிறார்.

பிப்ரவரி 27 அன்று ‘நகோயா’ கப்பலில் ஏறினார். மார்ச்சில் பம்பாய். தேறியதாக நினைத்த உடம்பு ஊர் வந்ததும் மறுபடி விழுந்தது. 1920 ஜனவரி 12 அன்று சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ‘மாக் தீட்டா’ என்று தாமே பெயர் வைத்த புதிய சார்புகளை விவரித்திருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். ஜானகி கூட இருந்தார். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது.