தேயிலை கொழுப்பைக் கரைக்குமா? ஆய்வுகூடத்தின் ‘வெறுங்கூடை’ சொல்லும் பதில்

‘தேயிலை கொழுப்பைக் கரைக்கும்’ என்ற வாசகம் பச்சைத் தேயிலைப் பெட்டிகளிலும் முகநூலிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் கொழுந்து பறித்து வாழும் குடும்பங்களுக்கு இது இனிப்பான செய்தி. இதற்குப் பின்னால் உண்மையான ஆய்வும் உண்டு. ஆனால் ஆய்வு சொன்னது வேறு, பெட்டி சொல்வது வேறு.

உண்ட மாச்சத்தில் மிஞ்சியதை உடல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. அந்த வேலையில் முக்கியமானது, ஈரலிலும் கொழுப்பிழையத்திலும் உள்ள ‘கொழுப்பமில சிந்தேஸ்’ என்ற நொதியம். 16 காபன் அணுக்கள் கொண்ட பாமிற்றிக் அமிலத்தை அது உருவாக்குகிறது. பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் இந்த நொதியத்தைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என 2001இல் சீன ஆய்வாளர்கள் காட்டினர்.

நொதியத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரு கலத்துக்குள் இந்த நொதியம் கூடியதா, குறைந்ததா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கலத்தின் புரதங்களைப் பருமன்படி பிரித்து, ஒரு மென்தாளுக்கு மாற்றி, நொதியத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரியை அதன் மேல் விடுவார்கள். அது ஒட்டிய இடம் ஒரு பட்டையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், பிறபொருளெதிரி சில வேளை வேறு புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். அப்போது பட்டை பொய் சொல்லும்.

இதைப் பிடிக்கத்தான் ‘தடுப்புப் பெப்டைட்’. பிறபொருளெதிரி நொதியத்தின் எந்தத் துண்டை அடையாளம் காண்கிறதோ, அதே துண்டைச் செயற்கையாகச் செய்துகொள்கிறார்கள். பெரும்பாலும் 10 முதல் 20 அமினோ அமிலங்கள்தான். இவ்வாறு செய்யும் முறையை 1963இல் வெளியிட்ட புரூஸ் மெரிஃபீல்டுக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. பெப்டைட்டை முதலில் பிறபொருளெதிரியுடன் தாராளமாகக் கலந்தால் அதன் கைகள் நிரம்பிவிடும். உரிய பட்டை மறையும். அப்போதும் மறையாமல் நிற்கும் பட்டை நம்பத்தகாதது.

பெயர் ஏமாற்றக் கூடாது. இது தடுப்பது பிறபொருளெதிரியை, நொதியத்தை அல்ல. இது மருந்தும் அல்ல.

கொழுந்து மடுவத்தில் நிறுப்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெறுங்கூடையின் நிறை தெரியாமல் கொழுந்தின் நிறை தெரியாது. ஆனால் இந்த வெறுங்கூடையும் முழுச் சாட்சி அல்ல. அதே துண்டு இன்னொரு புரதத்தில் இருந்தால், அதன் பட்டையும் சேர்ந்தே மறையும். ஆகவே அந்த நொதியத்தின் மரபணு நீக்கப்பட்ட கலங்களிலும் சோதிப்பது இன்னும் வலுவான சான்று.

கோப்பைக்கு வந்தால்

குழாயில் நொதியத்தைத் தடுக்க இ.ஜி.சி.ஜி. பல பத்து மைக்ரோமோலர் செறிவில் தேவைப்பட்டது. ஓரிரு கோப்பை குடித்தபின் இரத்தத்தில் இருப்பது பொதுவாக ஒரு மைக்ரோமோலருக்கும் குறைவு. நம் மலைகளில் பெரும்பாலும் தயாராகும் கறுப்புத் தேயிலையிலோ, இலையை அரைத்து ஒட்சியேற்றும்போது இப்பொருளின் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகிறது.

‘அப்படியானால் சாற்றுக் குளிசையை விழுங்கலாமே’ என்று எண்ணவும் கூடாது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி.யைக் குளிசையாக எடுப்பது ஈரல் பாதிப்பின் அறிகுறிகளுடன் தொடர்புடையது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும்: சோதித்தது குழாயிலா, மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? வெறுங்கூடையை நிறுத்துப் பார்த்தார்களா? பதில் கிடைக்கும் வரை பிளேன்டீயை ருசிக்காகக் குடிப்போம். வைத்தியர் தந்த கொலஸ்ட்ரோல் குளிசையை மட்டும் அதை நம்பி நிறுத்த வேண்டாம்.