முகத்துவாரத்துக்கு அஞ்சுங்கள்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தீவு. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி, அதனுள் இருக்கம் போன்ற தீவுகள். நண்பர்களோடு மோட்டார் படகில் இவற்றைச் சுற்றிவர விரும்புவோர் ஆழத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது ஆழம் குறைந்த முகத்துவாரத்துக்கு. மணல்திட்டில் அலை உடைகிறது. நீர் வடியும் நேரத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் அது செங்குத்தாக எழுகிறது. அலட்சியம் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். கிறிஸ்துமஸ் நாள் அது.

காசிமேட்டு மீனவர்கள் ஃபைபர் படகில் தினமும் போகவில்லையா என்று கேட்கலாம். போகிறார்கள். ஆனால் சில பேர்தான் ஏறுகிறார்கள். வலையின் எடை படகின் அடித்தட்டில் கிடக்கிறது. அலை பார்த்து மோட்டாரைக் கூட்டிக் குறைக்கும் கை அவர்களுடையது. இருபது பேர் ஏறி, படமெடுக்க ஒரே பக்கம் எழுந்து நின்றால் எடை மேலேறிப் படகு சாயும். அப்படியானால் சவாரியையே தடைசெய்யலாமே என்பார்கள். தடை ஆசையை அழிக்காது. கண்காணிப்பில்லாத கரைக்குத் தள்ளும், படகோட்டியின் பிழைப்பையும் பறிக்கும். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும்தான் தேவை. லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள்; படகோட்டி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.