கைக்கெட்டும் கணினி – 17: விட்ட இடம்

"தம்பி, இந்தச் செய்திய நேத்தே மக வீட்ல படிச்சிட்டேன். இங்க வந்து தொறந்தா மறுபடியும் புதுசாட்டம் நிக்குதே!"

பெம்பானில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் வாத்தியார் போன மாதம் என்னைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டார். பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வாரத்தில் மூன்று நாள் ஆயர் குரோவில் மகள் வீடு. பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு ஏற்றிவருவது அவர் பொறுப்பு. அங்கே ஒரு மடிக்கணினி, இங்கே பழைய மேசைக்கணினி, சட்டைப்பையில் கைத்தொலைபேசி. மலேசியத் தமிழ்ச் செய்தித் தளங்கள், இலக்கிய வலைப்பூக்கள், தமிழ்நாடு, ஈழம் பற்றி எழுதும் தளங்கள் என்று 43 இடங்களை விடாமல் படிக்கிறார். இரண்டு கணினியிலும் தனித்தனியாகச் செய்தியோடை வாசிப்பான் போட்டு வைத்திருந்தார். ஒன்றில் படித்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

வாத்தியார் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அந்த நாளில் ஒரு தமிழ் நேசனோ தமிழ் முரசோ தோட்டத்துக்குள் வந்தால் பத்துக் குடும்பத்துக்கு அதுதான் பத்திரிகை. மரம் சீவிவிட்டு வந்து குளித்தபின் கடை வாசலில் கூடுவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாய்விட்டு வாசிப்பார். நேற்று எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை அந்த ஒருவர் நினைவில் வைத்திருப்பார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அன்று ஒரு தாளுக்குப் பல வாசகர். இன்று ஒரு வாசகருக்குப் பல திரை. விட்ட இடத்தை நினைவில் வைக்க மட்டும் ஆள் இல்லை. வாத்தியாருக்கு நான் தேடியது அந்த ஆளைத்தான்.

செய்தியோடை என்பது என்ன? ஒரு தளம் தன் புதிய இடுகைகளின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வெளியே வைக்கிறது. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்எஸ்எஸ் முறை இது. வாசிப்பான் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததைக் கொண்டுவந்து தரும். வேர்ட்பிரஸ்ஸில் கட்டிய தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடும். யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு. எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது என்று முகநூல் போல நடுவில் யாரும் தீர்மானிப்பதில்லை. சிறிய மொழிச் சமூகத்துக்கு இது பெரிய விஷயம். நூறு பேர் படிக்கும் வலைப்பூவும் வரிசையில் தன் முறைக்கு வந்து நிற்கும்.

தமிழில் இதை முதலில் பரவலாக்கியவை திரட்டிகள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டியது. எந்தக் கணினியில் திறந்தாலும் அதே பக்கம். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான முற்றம். நான் எதைப் படித்தேன் என்று அதற்குத் தெரியாது. அந்த நினைவைத் தந்தது 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர். என் பட்டியலும் படித்ததற்கான அடையாளமும் அவர்களுடைய வழங்கியில் இருந்தன. எந்தக் கணினியில் நுழைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2013 மார்ச்சில் அதை மூடப் போவதாக அறிவித்தார்கள். ஜூலை 1 அன்று மூடியும் விட்டார்கள். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் தன்னிடம் வந்ததாக ஃபீட்லி என்ற வாசிப்பான் சொன்னது. அப்படி இடம் மாறியவர்களுக்குக் கைகொடுத்தது ஓபிஎம்எல் என்ற ஒரு கோப்பு. எந்தெந்த ஓடைகளைப் படிக்கிறோம் என்ற பட்டியல் அதில் இருக்கும். ஏறக்குறைய எல்லா வாசிப்பானும் அதைப் படிக்கும். ஆகவே, வாசிப்பான் தேடுவோரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இதிலிருந்து என் பட்டியலை வெளியே எடுக்க முடியுமா? முடியாதென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒரே கணினியில் நிறுவிய வாசிப்பானில் இரண்டு ஆண்டு சேர்த்த என் பட்டியலை ஒரு மின்னல் இரவில் வன்தட்டோடு பறிகொடுத்தவன் நான். நகல் எடுத்து வைக்கவில்லை.

அடுத்தது, ஓடையை எட்டிப் பார்ப்பது யார்? பலர் இதைக் கேட்பதே இல்லை. வேர்ட்பிரஸ் தளத்தின் ஓடையில், அமைப்பை மாற்றாதவரை, கடைசி 10 இடுகைகள் மட்டுமே இருக்கும். நாளுக்கு 30 செய்தி போடும் தளமென்றால் எட்டு மணி நேரத்தில் அந்தப் பத்தும் மாறிவிடும். வாசிப்பான் உங்கள் கணினிக்குள் மட்டும் இருந்தால், கணினி அணைந்திருக்கும் நேரத்தில் வந்துபோனவை உங்களுக்கு வரவே வராது. வாத்தியார் மூன்று நாள் கழித்து வீடு திரும்பும்போது பாதிச் செய்தி காணாமல் போனதும் இதனால்தான். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் ஓடை படிப்பவர்களுக்கும் இதே கதை. ஆப்பிள் கருவிகளுக்கான நெட்நியூஸ்வயர் ஐகிளவுட் வழியே அடையாளங்களை ஒத்திசைக்கும், இலவசம், நல்ல மென்பொருள். ஆனால் அந்த வழியிலும் ஓடைகளை எட்டிப் பார்ப்பது உங்கள் கருவிதான்.

ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர் போன்றவை தங்கள் வழங்கியிலிருந்தே இரவும் பகலும் ஓடைகளைச் சேகரிக்கின்றன. இலவசக் கணக்கில் ஃபீட்லி 100 ஓடை, இனோரீடர் 150, நியூஸ்பிளர் 64 என்று வரம்பு வைத்திருக்கின்றன. சாதாரண வாசகருக்கு இது போதும். யாருடைய வழங்கியும் வேண்டாம் என்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அல்லது மினிஃபிளக்ஸைச் சொந்தமாக நிறுவலாம். என் வீட்டில் உள்ளங்கை அளவு ராஸ்பெரி பையில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் ஓடுகிறது. கூகுள் ரீடரோடு பேச அன்று செயலிகள் பயன்படுத்திய அதே மொழியை இதுவும் பேசும். அதனால் ஒவ்வொரு கருவியிலும் எனக்குப் பிடித்த வேறு வேறு செயலியை வைத்துக்கொள்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் இடி இடித்தால் எழுந்துபோய்ச் செருகியைப் பிடுங்கவும், மாதம் ஒரு முறை நகல் எடுக்கவும், வெளியூரிலிருந்து பாதுகாப்பாக நுழைய வழி செய்யவும் வேண்டும். இதில் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வாத்தியாருக்கு இனோரீடரைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கணினியிலும் உலாவி வழியே, கைத்தொலைபேசியில் செயலி வழியே, ஒரே கணக்கு. ஒரு சோதனையும் செய்து பார்த்தோம். இதை நீங்களும் செய்துபார்த்துவிட்டே முடிவெடுங்கள். கைத்தொலைபேசியில் ஐந்து செய்திகளைப் படித்தோம், ஒன்றுக்கு நட்சத்திரம் போட்டோம், பிறகு மேசைக்கணினியில் பக்கத்தைப் புதுப்பித்தோம். ஐந்தும் படித்தவையாக மங்கின, நட்சத்திரம் இருந்தது. ஒவ்வோர் இடுகைக்கும் ஓடையில் தனி அடையாளக் குறி உண்டு. வழங்கி அதை வைத்துத்தான் நினைவு கொள்கிறது. சில தளங்கள் அந்தக் குறியை மாற்றிவிடுவதால் பழைய செய்தி புதிதாக வந்து நிற்கலாம். அது வாசிப்பானின் குறை அல்ல.

கடைசியாக அவருடைய ஓபிஎம்எல் கோப்பை இறக்கி அவர் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்தேன். பட்டியலைச் சரிபார்த்தபோது 43இல் ஏழு ஓடைகள் வறண்டு கிடந்தன. ஒன்று, தோட்டத்து வாழ்க்கையைக் கவிதையாக எழுதிவந்த ஒருவரின் வலைப்பூ. ஆறு ஆண்டுகளாக ஓர் இடுகையும் இல்லை.

"இதையெல்லாம் எடுத்துடவா வாத்தியாரே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். "இருக்கட்டும் தம்பி. அவரு மறுபடியும் எழுதுனா எனக்குத் தெரியணும்ல?"