எந்தக் குதிரையைக் கொண்டு போவது?

குதிரை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பந்தயத் திடல்தான். சிங்கப்பூரில் அதுவும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் நடந்த கடைசிப் பந்தயத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் பந்தயத்திற்கும் பணயத்திற்கும் சம்பந்தமில்லாமல், குதிரையைச் சொந்தமாக வளர்த்து அதன்மீது ஏறிப் பழகுகிறவர்கள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஏராளம். மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறவர்களும் உண்டு. சனி, ஞாயிறுகளில் மட்டும் சேணம் பூட்டுகிறவர்களும் உண்டு. இவர்கள் பணம் கட்டி, விடுப்பு எடுத்துப் போகும் ஓர் இடம் குதிரைப் பயிற்சி முகாம்.

முகாம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாள் நடக்கும். ஊர் ஊராகச் செல்லும் ஆசிரியர் ஒருவர் வருவார். சேருகிறவர்கள் ஆளுக்கொரு குதிரையோடு திடலில் நிற்பார்கள். குதிரையை விட்டுவிட்டுப் போனால் பழக்கித் திருப்பிக் கொடுக்கும் இடமல்ல இது. இங்கே பயிற்சி பெறுகிறவர் குதிரைக்குச் சொந்தக்காரர்தான். டாம் டோரன்ஸ் (1910-2003), அவரிடம் கற்ற ரே ஹன்ட் (1929-2009) ஆகியோர் பரப்பிய முறை இது. குதிரையை அடித்து அடக்குவதற்குப் பதிலாக, அது ஏன் அஞ்சுகிறது என்று அறிந்து நடக்க வேண்டும் என்றார்கள். தாம் வந்திருப்பது மனிதருக்காக அல்ல, குதிரைக்காகவே என்பது ரே ஹன்ட் முகாம்களில் சொல்லி வந்த கருத்து.

சரி, வீட்டில் மூன்று குதிரைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 15 வயதான சாது. குழந்தையை ஏற்றினாலும் அசையாது. இரண்டாவது 6 வயதுப் பெண் குதிரை. ஏறி ஓட்டலாம், ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் மிரளும், வாயில் கதவருகே நிற்காது. மூன்றாவது இன்னும் சேணமே ஏறாத 3 வயது முரடு. எதைக் கொண்டு போவது?

பலரின் மனம் மூன்றாவதை நோக்கித்தான் ஓடும். கொடுத்த காசுக்குப் பெரிய நோயாகக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு, டாக்டரிடம் போகிறவருக்கு வருவது போலவே இங்கேயும் வந்துவிடுகிறது. வேறு சிலர் சாதுவை இழுத்துப் போவார்கள். பத்துப் பேர் முன்னால் மானம் போகக் கூடாது என்பது அவர்கள் கவலை.

முரட்டுக் குதிரையைக் கொண்டு போனால் என்ன ஆகும்? அது வாழ்நாளில் பார்த்திராத இடம். சுற்றிலும் அறிமுகமில்லாத குதிரைகள், ஒலிபெருக்கி, கூட்டம். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஆபத்து என்று பட்டால் ஓடுவதுதான் அதன் தற்காப்பு. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உயிர் துள்ளும்போது, கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு ஆசிரியர் சொல்வது காதில் விழாது. மூன்று நாளும் உயிர் தப்புவதிலேயே போய்விடும். பக்கத்தில் நிற்பவரின் பாடமும் கெடும். சேணம் ஏறாத குதிரைகளுக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் சேரக் குதிரை புதியதாக இருக்கலாம். ஆள் புதியவராக இருக்கக் கூடாது.

ஆகவே, ஓரளவு ஓட்டத் தெரிந்தவருக்கு ஏற்றது இரண்டாவது குதிரைதான் எனலாம். அதனிடம் குறை இருக்கிறது, ஆனால் குறையைப் பார்க்க நேரமும் கொடுக்கிறது. முகாம் முடிந்த மறுநாள் ஆசிரியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதன்பின் மாதக் கணக்கில் அந்தப் பாடத்தைத் தொடரப் போவது எந்தக் குதிரையோடு என்பதையும் யோசிக்க வேண்டும். விற்கப் போகும் குதிரைக்கு முகாம் செலவு எதற்கு? புதிதாக ஓட்டப் பழகுகிறவரோ வெட்கப்படாமல் கிழட்டுச் சாதுவையே கொண்டு போகலாம். கை எப்படி இருக்க வேண்டும், உடம்பு எப்படி அமர வேண்டும் என்பதை அந்தக் குதிரை பொறுமையாகக் கற்றுக்கொள்ள விடும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சல்ல. ரே ஹன்ட்டின் மாணவர் பக் பிரானமன் பற்றி 2011இல் வெளிவந்த ‘பக்’ என்னும் ஆவணப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பெண்மணி காயடிக்கப்படாத 3 வயது ஆண் குதிரையை முகாமுக்குக் கொண்டு வருகிறார். பிறக்கும்போது பிராணவாயு கிடைக்காமல் பாதிக்கப்பட்ட குட்டி அது. தாயும் இல்லை, மனிதர் கையில் வளர்ந்தது. செல்லம் கிடைத்த அளவுக்கு அதற்கு எல்லை கற்பிக்கப்படவில்லை. முகாமில் அதைப் பழக்க முயன்றவர் மேல் பாய்ந்து தலையில் கடித்துவிடுகிறது. இரத்தம் வழிய அவரை அழைத்துப் போகிறார்கள். குதிரையை இப்படி ஆக்கியது மனிதர்களின் தவறு என்று பிரானமன் அந்தப் பெண்மணியிடம் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். கடைசியில் குதிரையைக் கருணைக் கொலை செய்வதென்று முடிவாகிறது. தேறும் என்று நம்பித்தான் அந்தப் பெண்மணி அதை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

எனவே, கடித்த கதை, உதைத்த கதை எதுவானாலும் பெயர் கொடுக்கும்போதே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட வேண்டும். வரன் பேசும்போது மறைப்பதுபோல் இதில் மறைத்தால் மருத்துவமனைக்குப் போவது வேறு யாராகவோ இருக்கும்.

குணத்தைப் பார்த்தபின் உடம்பையும் பார்க்க வேண்டும். ஏறியதும் முதுகை வளைக்கிற குதிரை பிடிவாதம் பிடிப்பதாகவே சொந்தக்காரர் நினைப்பார். சேணம் சரியாகப் பொருந்தாமல் முதுகு வலித்திருக்கும், அல்லது பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழித்திருக்கும். வலிக்குப் பாடம் நடத்த எந்த ஆசிரியராலும் முடியாது. கால்நடை மருத்துவரிடமும் லாடம் அடிப்பவரிடமும் முன்கூட்டியே காட்டுவது நல்லது. மாதக் கணக்கில் மேய்ச்சலில் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று நாளுக்கு மூன்று மணி நேரம் வேலை வாங்கினால் இரண்டாம் நாளே தசை பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பொதுவாக மாநில எல்லை தாண்டிப் போகும் குதிரைக்குக் ‘காகின்ஸ்’ இரத்தப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. தொற்று இரத்தசோகை இல்லை என்பதற்கான அத்தாட்சி அது. அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

டிரெய்லரில் ஏறுமா என்பது அற்பமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் அதிகாலையில் கிளம்ப வேண்டிய நாளில்தான் குதிரை முன்காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். அவசரத்தில் கயிற்றை இழுத்து, கத்தி, பின்னால் அடித்து ஏற்றினால், வியர்த்து நடுங்கியபடிதான் அது முகாமில் இறங்கும். சில வாரங்களுக்கு முன்பிருந்தே ஏற்றி இறக்கி, பக்கத்தில் ஒரு சுற்றுப் போய்வந்து பழக்கலாம். கட்டிப்போட்டால் தனியாக அமைதியாய் நிற்கவும் பழக்க வேண்டும். ஒரே லாயத்துக் குதிரைகள் இரண்டைச் சேர்த்துக் கொண்டு போனால், ஒன்று திடலில் இருக்கும்போது மற்றது வெளியே நின்று கனைத்துக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முடிவு வராவிட்டால், குதிரை இல்லாமலே போகலாம். பார்வையாளருக்குக் கட்டணம் குறைவு. வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், கயிறு பிடித்திருப்பவர்களுக்குக் கேட்காத பல விஷயங்கள் நன்றாகக் கேட்கும். முதல் நாள் துள்ளிய குதிரை மூன்றாம் நாள் எப்படி நிற்கிறது, யார் இன்னும் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். லாயத்தில் இருக்கும் மூன்றில் அடுத்த ஆண்டு எதற்கு இடம் கேட்பது என்று, வீடு திரும்பும் வழியில் யோசித்துக்கொள்ளலாம்.