கொட்டகையில் ஒரு பேராசிரியர்



பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு சிறுவன் பிற்காலத்தில் பேராசிரியர் ஆனான் என்றால் நம்புவீர்களா? அப்படி ஒருவர் இருந்தார். பிரான்சு நாட்டுத் தலைநகர் பாரிசில் 1859ஆம் ஆண்டு பிறந்த பியேர் கியூரி என்பது அவர் பெயர். அவருடைய மனைவி மேரி கியூரியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். அந்த அம்மையாரின் புகழ் வெளிச்சத்தில் கணவரை உலகம் சற்றே மறந்துவிட்டது. இன்று நாம் அவரைப் பற்றிப் பேசுவோம்.

பியேர் எதையும் மெதுவாக, ஒன்றை முழுதாகப் பற்றிக்கொண்டு சிந்திக்கும் இயல்புடைய பிள்ளை. மணி அடித்ததும் ஒரு பாடத்தை விட்டு அடுத்த பாடத்துக்குத் தாவ அவரால் இயலாது. இதை உணர்ந்த பெற்றோர் வீட்டிலேயே கல்வி கற்பித்தார்கள். 16ஆம் வயதில் அவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். 18ஆம் வயதில் பட்டம் பெற்றார். இதைக் கேட்டுவிட்டு எவரும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வேண்டாம்! பியேரின் தந்தையார் ஒரு மருத்துவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளையை மக்குப் பிள்ளை என்று அந்த வீட்டில் யாரும் ஏசவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

1880ஆம் ஆண்டில், 21 வயதில், தம் அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து ஒரு புதுமையைக் கண்டார். குவார்ட்சு போன்ற சில படிகக் கற்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது. கேட்பதற்குச் சிறிய சங்கதிதான். ஆனால் நம் கைக்கடிகாரத்தில் நேரம் தவறாமல் காப்பது அந்தப் படிகத்தின் துடிப்பு. வானொலி நிலையங்களில் அலைவரிசை நகர்ந்துவிடாமல் நிறுத்தியதும் அதே படிகந்தான். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது 'டிக்' என்று ஒரு பொறி பறக்கிறதே, அதற்குள்ளும் இந்த விந்தை ஒளிந்திருக்கிறது.

இத்தனை திறமை இருந்தும் 1882 முதல் 22 ஆண்டுகள் ஒரு தொழிற்கல்லூரியிலேயே அவர் உழைத்தார். தொடக்கத்தில் அவர் வாங்கிய சம்பளம் ஓர் ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தை ஒட்டியதுதான். பதவிக்காக வாசல் வாசலாக ஏறி இறங்குவது அவருக்குப் பிடிக்காது. விருது ஒன்று தர அரசாங்கம் முன்வந்தபோதுகூட, விருது தேவையில்லை, ஆய்வுக்கூடந்தான் தேவை என்று சொல்லிவிட்டார்.

1895ஆம் ஆண்டு போலந்து நாட்டிலிருந்து படிக்க வந்த மேரியை மணந்தார். திருமணத்துக்கு அன்பளிப்பாக வந்த பணத்தில் இருவரும் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கி, கிராமப்புறங்களைச் சுற்றி வந்தார்கள். 1897இல் மூத்த மகள் இரேன் பிறந்தாள். அதே மாதத்தில் பியேரின் தாயார் காலமானார். தனித்துவிட்ட தந்தையார் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். அன்றுமுதல் பேத்தியை வளர்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் தாத்தா ஏற்றுக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பால்மரக் காட்டுக்குப் போக, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்போது மேரி ஓர் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். யுரேனியம் என்னும் உலோகம், வெயிலில் வைக்காமலும் சூடேற்றாமலும், தானாகவே ஒருவகைக் கதிரை வீசுகிறது என்று 1896இல் பெக்கரல் என்ற அறிஞர் கண்டிருந்தார். அந்தக் கதிரை, பியேரும் அண்ணனும் செய்த படிகக் கருவியைக் கொண்டு மேரி அளந்தார். பிட்ச்பிளெண்ட் என்ற கனிமத்தில், அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிய கதிர் வந்தது. நாம் போட்ட மிளகாய்க்கு மேல் குழம்பு காரமாக இருந்தால், உள்ளே வேறு ஏதோ காரப் பொருள் விழுந்திருக்கிறது என்றுதானே எண்ணுவோம்? மேரியும் அப்படித்தான் எண்ணினார்.

இங்கேதான் பியேர் உயர்ந்து நிற்கிறார். தம் படிக ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, மனைவி தொடங்கிய வேலையில் தாமும் ஒருவராகச் சேர்ந்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று இரண்டு புதிய தனிமங்களை அறிவித்தார்கள்.

அறிவித்தால் போதுமா? பிரித்தெடுத்துக் காட்ட வேண்டுமே! அவர்களுக்குக் கிடைத்த இடம், முன்பு பிணங்களை அறுத்துப் பாடம் நடத்திய ஒரு பாழடைந்த கொட்டகை. மழை பெய்தால் கண்ணாடிக் கூரை ஒழுகும். சுரங்கக் கழிவு டன் கணக்கில் வந்து இறங்கியது. மேரி ஒரு நேரத்துக்கு 20 கிலோ போட்டுக் காய்ச்சி, இரும்புத் தடியால் கிண்டிக்கொண்டே நிற்பார். பியேர் கருவிகளோடு அமர்ந்து கதிரை அளப்பார். 1902இல் கையில் மிஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு! இரவில் கொட்டகைக்குப் போனால் குழாய்களில் அது மங்கலாக ஒளிரும். அந்த முறையைக் காப்புரிமை செய்து பெரும்பணம் சேர்த்திருக்கலாம். இருவரும் பேசி, வேண்டாமென்று முடிவு செய்தார்கள்.

1903இல் நோபல் பரிசுப் பேச்சு எழுந்தது. பிரான்சிலிருந்து போன பரிந்துரையில் பெக்கரல் பெயரும் பியேர் பெயரும் மட்டுமே இருந்தன. தடி பிடித்துக் கிண்டிய மேரியின் பெயரைக் காணோம்! சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்ளர் இதை பியேருக்குத் தெரிவித்தார். ரேடிய ஆராய்ச்சியில் மேரியையும் தம்மோடு சேர்த்தே கருத வேண்டும் என்று பியேர் உடனே பதில் எழுதினார். பரிசு மூவருக்கும் கிடைத்தது. அவர் வாய்மூடி இருந்திருந்தால் கேட்பார் யாருமில்லை.

ரேடியத்தைத் தம் கையிலேயே கட்டிவைத்துச் சோதித்தார். தோல் வெந்து, புண் ஆற வெகுநாள் பிடித்தது. உயிரணுக்களை அது அழிப்பதிலிருந்து புற்றுநோய்க்கு ரேடியச் சிகிச்சை பிறந்தது. தீயவர் கையில் இப்பொருள் கிடைத்தால் ஆபத்து என்றும் 1905இல் நோபல் உரையில் எச்சரித்தார். அதற்குள் அவர் உடம்பு வலியால் நலிந்திருந்தது.

1906 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிராமத்துக்குப் போயிருந்தார். எட்டு வயது இரேன் சிறு வலையோடு வண்ணத்துப்பூச்சி பிடித்தாள். இளைய மகள் ஏவ் பதினாறு மாதக் குழந்தை. பாரிசுக்குத் திரும்பிய சில நாளில், 19ஆம் தேதி, மழையில் தெருவைக் கடக்கும்போது கனமான குதிரை வண்டியின் சக்கரம் ஏறி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 46.

அரசாங்கம் தர முன்வந்த உதவிச் சம்பளத்தை மேரி ஏற்கவில்லை. அந்த நவம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில், கணவர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடர்ந்தார். அங்கே விரிவுரை நிகழ்த்திய முதல் பெண்மணி அவர்தான். தாத்தா 1910இல் இறக்கும்வரை பேத்திகளைப் பார்த்துக்கொண்டார். மேரியும் நண்பர்களும் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே முறைவைத்துப் பாடம் நடத்தினார்கள். இரேனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த லாங்ஷவேன், பியேரின் பழைய மாணவர். அந்த இரேன் 1935இல் தம் கணவரோடு சேர்ந்து வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.